தொடக்கப் பள்ளி இசை வகுப்பில் எதைக் கற்பிப்பது? ஓர் ஆசிரியையின் கடிதத்துக்குப் பதில்

கேள்வி: நான் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. ஓரளவு பாடுவேன்; முறையாக இசை பயின்றவள் அல்லேன். வரும் கல்வியாண்டிலிருந்து ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு 40 நிமிடம் கொண்ட இரண்டு இசைப் பாடவேளைகள் ஒதுக்கப்படுகின்றன. பாடத்திட்டம் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. சுரம், தாளம், கருவிகளின் பெயர்கள், இசைமேதைகளின் வரலாறு எல்லாவற்றையும் பாடமாக வைத்துத் தேர்வு நடத்த வேண்டும் என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். எல்லாருக்கும் கீபோர்டு கற்றுத்தரலாம் என்கிறார் இன்னொருவர். ஆண்டு விழாவுக்கு நான்கு பாட்டுப் பழக்கினால் போதும் என்பது மூன்றாமவர் கருத்து. இசை கற்றால் கணக்கில் மதிப்பெண் கூடும் என்று பெற்றோரிடம் சொல்லலாமா என்று தலைமையாசிரியர் கேட்கிறார். இன்னொன்று: என் வகுப்பில் ஒரு மாணவன் எந்தப் பாட்டையும் ஒரே சுரத்தில், அடிக்குரலில் பாடுகிறான், மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவனை வாயை மட்டும் அசைக்கச் சொல்லலாமா?

அன்புள்ள ஆசிரியைக்கு, வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: அப்படிச் சொல்லாதீர்கள். ஏன் என்பதையும், அந்தப் பையனுக்கு என்ன செய்யலாம் என்பதையும் முடிவில் எழுதுகிறேன். பாடத்திட்டம் எதை நோக்கிப் போக வேண்டும் என்பது தெளிவானால்தான் அவனுக்கான வழியும் தெளிவாகும்.

முதலில் கையில் இருக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள். ஆண்டுக்கு 35 வாரம் வகுப்பு நடக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்தாண்டுகளில் 350 பாடவேளைகள், அதாவது 14,000 நிமிடங்கள், ஏறத்தாழ 233 மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கிறது. ஒரு பிள்ளையின் காதையும் குரலையும் பண்படுத்த இது தாராளம். முப்பத்தைந்து பேரை ஓர் அறையில் உட்காரவைத்து ஒரு வாத்தியத்தில் தேர்ச்சி பெறவைக்க இது போதவே போதாது. ஆகவே பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தில் பாடத் தலைப்புகளை எழுதாமல், ஐந்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளை கையில் கருவியும் தாளும் இல்லாமல் தனியாக நின்று எதையெல்லாம் செய்ய வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். என்னைக் கேட்டால் நான்கே வரிகள்தான் எழுதுவேன்: பாட்டுக்கு அடியில் ஓடும் தாளத் துடிப்பை, அதாவது சீரான அடியை, தவறவிடாமல் பிடிக்க வேண்டும், தன் குரலுக்கேற்ற சுருதியில் ஒரு பாட்டை முழுமையாகப் பாட வேண்டும், ஒருமுறை கேட்ட சிறு இசைத் துணுக்கைத் திருப்பிப் பாட வேண்டும், அதற்குத் தானாகவே ஒரு பதில் துணுக்கைப் புனைய வேண்டும். இவை கைவந்த பிள்ளை பிற்காலத்தில் எந்த வாத்தியத்திடம், எந்த மரபிடம் போனாலும் திணறாது. கருநாடக இசையின் தாய் ராகங்களான மேளகர்த்தா ராகங்கள் எத்தனை என்று கேட்டவுடன் 72 என்று சொல்லும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டு சுரங்களைப் பாடிக்காட்டி, எது மேலே என்று கேட்டால் அவர்களில் பலர் என் முகத்தைப் பார்த்து விடையைத் தேடுவார்கள்.

தாள அடியிலிருந்து தொடங்குங்கள். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த எமில் ஜாக் டால்குரோஸ் (1865–1950) ஜெனீவா இசைக்கல்லூரியில் கற்பித்தபோது, விரல்கள் நன்றாகப் பழகிய மாணவர்கள்கூட எளிய தாளக்கட்டுகளை உடலால் உணர முடியாமல் தடுமாறுவதைக் கவனித்தார். நடந்தும் நின்றும் கைவீசியும் லயத்தைக் கற்கும் அவருடைய முறை அந்தக் கவலையிலிருந்து பிறந்ததுதான். வகுப்பில் இதைச் செய்யும்போது பெரும்பாலான ஆசிரியர்கள் ஒரு பிழையைச் செய்கிறார்கள். தங்கள் வேகத்தில் தட்டிவிட்டு, அதற்கேற்பப் பிள்ளைகளை நடக்கச் சொல்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளையின் இயல்பான நடை நம்முடையதைவிட விரைவானது என்பதால், அது பாதியிலேயே அடியை விட்டு ஓடிவிடுகிறது. முதல் சில வாரங்களுக்கு முறையை மாற்றுங்கள்: ஒரு பிள்ளையை நடக்கவிட்டு, அதன் காலடிக்கு நீங்கள் தட்டுங்கள். தன் நடைக்கு ஓசை வருகிறது என்று கண்டுகொண்ட பிள்ளை வேண்டுமென்றே நிற்கும், ஓடும், திரும்பும். வகுப்பு முழுவதும் கலகலக்கும். அந்தக் கலகலப்புக்கு நடுவே அடி என்பது தனக்குள்ளிருந்து வருவது என்று அதற்குப் புரிந்துவிடும். பிறகு நீங்கள் தட்ட, அது நடப்பது எளிது.

அடியும் சொற்களின் நடையும் வேறு என்பது அடுத்த படி. இங்கே தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்பதையும், மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம் அல்லது கைநொடிக்கும் நேரம் என்பதையும் அவர்கள் இலக்கண வகுப்பில் எப்படியும் படிக்கப்போகிறார்கள். அதை இசை வகுப்பில் முன்கூட்டியே உடம்பில் ஏற்றிவிடலாம். ஓர் அடிக்கு இரண்டு மாத்திரை என்று வைத்துக் கால்களால் அடியைப் போட்டுக்கொண்டே பெயர்களைச் சொல்லிக் கைதட்டச் சொல்லுங்கள். ‘மாலா’ என்றால் இரண்டு அடிக்கு இரண்டு தட்டு. ‘கவிதா’ என்றால் அதே இரண்டு அடிக்கு மூன்று தட்டு. ‘நிலா’ என்ற பெயர் வரும்போது எல்லாரும் இடறுவார்கள்; அது ஒன்றரை அடியில் முடிந்து, அடுத்த பெயரை அடிக்கு நடுவே தொடங்கச் செய்யும். மூன்றாம் வகுப்பில் அந்த இடறலைச் சிரித்துக் கடந்துவிடுங்கள். ஐந்தாம் வகுப்பில் அதையே ஒரு பாடமாக வையுங்கள். தாளத்தை வாயால் சொல்லும் ‘தகதிமி’ போன்ற சொற்கட்டுகளையும் தயங்காமல் பயன்படுத்துங்கள். அமெரிக்க இசையாசிரியர்கள் 1996-இல் அந்தச் சொற்களைக் கடன்வாங்கி ஒரு லயப் பயிற்சி முறையையே வகுத்து வெளியிட்டார்கள். நாவில் ஏற்கெனவே புழங்கும் சொற்களை விட்டுவிட்டு நாம் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

குரல் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பள்ளிகளில் அதிகம் கெடுவது அதுதான். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் சிரமமின்றிப் பாடும் எல்லை மிகவும் குறுகியது: கீபோர்டின் நடு ‘சி’க்கு அடுத்த ‘டி’யிலிருந்து அதற்கு மேலுள்ள ‘ஏ’ வரை, அதாவது ஏறத்தாழ 294 முதல் 440 ஹெர்ட்ஸ் வரை. அந்த ‘டி’யைச் சட்ஜமாக (ச) வைத்தால் ‘ஏ’ பஞ்சமம் (ப). ஆகவே முதல் இரண்டு வகுப்புகளுக்கும் ச முதல் ப வரை அடங்கும் பாடல்களைத் தேர்ந்தெடுங்கள். நான்காம், ஐந்தாம் வகுப்பில் நடு ‘சி’யிலிருந்து மேல் ‘டி’ வரை விரியலாம். பெரியவர்கள் தங்களுக்கு வசதியான தாழ்ந்த சுருதியில் தொடங்கிவிடுவதால் பிள்ளைகள் குரல் எட்டாமல் பேச்சுத் தொனிக்கு இறங்கி உறுமுகிறார்கள். உடனே நாம் அவர்களுக்குச் சுருதி இல்லை என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம். ஆண் ஆசிரியர் பாடினால் ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ச-விலிருந்து அடுத்த ச வரையான தூரம், கீழே ஒலிக்கும். அதைத் தன் ஸ்தாயிக்கு மாற்றிக்கொள்ளச் சிறு பிள்ளைக்குத் தெரியாது. அப்படிப்பட்ட வகுப்பில், சரியாகப் பாடும் ஒரு பிள்ளையை முன்னால் நிறுத்தி மாதிரியாகப் பாடச் செய்வது நல்லது. அந்த வயதுப் பிள்ளைக்கு இன்னொரு பிள்ளையின் குரலே எளிதில் பிடிபடும்.

நாம் சொல்லும் சொற்களும் குழப்புகின்றன. ‘மெதுவாகப் பாடு’ என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும் பிள்ளைகளில் ஒரு பாதி வேகத்தைக் குறைத்தது, மறுபாதி ஓசையைக் குறைத்தது; தமிழில் அந்தச் சொல் இரண்டுக்கும் பொது என்பது எனக்கு உறைக்கவே நெடுநாள் ஆயிற்று. இப்போது ஓசைக்குச் ‘சன்னமாக’ என்றும் வேகத்துக்கு ‘நிதானமாக’ என்றும் மட்டும் சொல்கிறேன். அதுபோலவே சுரம் உயர்வதையும் ஓசை உரப்பதையும் பிள்ளைகள் ஒன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘மேலே போ’ என்றால் கத்துகிறார்கள். கையை உயர்த்தியும் தாழ்த்தியும் சுரத்தைக் காட்டுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வன் சுரங்களுக்குக் கைச்சைகைகளை வகுத்தபோது செய்ததும் இதைத்தான்: கண்ணுக்குத் தெரியாத உயரத்தைக் கையில் காட்டினார்.

எந்தச் சுரங்களில் தொடங்குவது என்ற கேள்விக்கு அனுபவசாலிகளிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பஞ்சமத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு இறங்கும் அந்த ‘ப–க’ இடைவெளி, பிள்ளைகள் ஒருவரையொருவர் கூவி அழைக்கும்போது அடிக்கடி தானாகவே வருவது. வருகைப் பதிவை அதிலேயே எடுங்கள். நீங்கள் பெயரை நான்கு அடியில் பாடி அழைக்க, பிள்ளை நான்கு அடியில் தனியாகப் பாடிப் பதில் சொல்லட்டும். நிமிடத்துக்கு 80 அடி என்ற வேகத்தில் ஒருவருக்கு ஆறு வினாடி. முப்பத்தைந்து பேருக்கும் மூன்றரை நிமிடம். ஒவ்வொரு பிள்ளையும் வாரம் இருமுறை யாரும் கவனிக்காததுபோலத் தனியாகப் பாடிவிடுகிறது, உங்களுக்கும் ஒவ்வொரு குரலும் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடுகிறது. பாடவேளையில் வேறு எதைச் சுருக்கினாலும் இந்த மூன்றரை நிமிடத்தைத் தொடாதீர்கள்.

அங்கிருந்து மெல்ல மெல்ல ச ரி க ப த என்ற ஐந்து சுரங்களுக்கு, நமக்கு நன்கு பழகிய மோகனத்துக்கு, வந்து சேருங்கள். இசையமைப்பாளர்களும் இசைக்கல்வி முறைகளை வகுத்தவர்களுமான ஹங்கேரியின் ஸோல்தான் கோடாயும் (1882–1967) ஜெர்மனியின் கார்ல் ஓர்ஃபும் (1895–1982) வெவ்வேறு வழிகளில் நடந்தாலும் தொடக்கக் கல்விக்கு ஐந்து சுர அமைப்பையே தேர்ந்தெடுத்தார்கள். மிகச் சிறிய இடைவெளியான அரைச்சுர இடைவெளி அதில் இல்லாததால் குரல் வழுக்குவதில்லை. இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களைப் பாடினாலும் வாசித்தாலும் காது கூசுவதில்லை. ஓர்ஃப் வகுப்புகளில் மரச்சட்டங்களைக் கழற்றி மாட்டக்கூடிய சைலோஃபோன்களைப் பயன்படுத்துவதும் இதற்காகவே. வேண்டாத சட்டங்களை எடுத்துவிட்டால் தப்பான சுரம் என்ற ஒன்றே இருக்காது.

தப்புக்கு இடமில்லாத அந்த ஐந்து சுரங்களுக்குள்தான் புனைதலைத் தொடங்க வேண்டும். நீங்கள் நான்கு அடிக்கு ஒரு கேள்வியைப் பாடி, அடுத்த நான்கு அடியைக் காலியாக விடுங்கள். முதலில் மூன்று சுரங்களுக்கு மேல் அனுமதிக்காதீர்கள். எல்லாச் சுரமும் கிடைத்தால் பிள்ளை வாயடைத்து நிற்கும், மூன்றே கிடைத்தால் விளையாடும். பலர் உங்கள் கேள்வியையே திருப்பிப் பாடுவார்கள், அதில் குற்றமில்லை. சில வாரங்களுக்குப் பிறகு ஒரு பிள்ளை சட்ஜத்தில் முடிக்காமல் அந்தரத்தில் நிறுத்திவிட்டு உங்களைப் பார்க்கும். ‘முடிந்ததா, முடியவில்லையா?’ என்று வகுப்பைக் கேளுங்கள். பாட்டு நிறைவடையும் இடத்தைக் குறிக்கும் முத்தாய்ப்பு என்ற சொல்லை அன்றைக்குச் சொல்லிக்கொடுக்கலாம். அதற்கு முன்னால் சொன்னால் அது வெறும் சொல்.

உள்ளுக்குள் பாடும் பயிற்சியை எந்தப் பாடத்திட்டத்திலும் அரிதாகவே காண்கிறேன். தெரிந்த பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கையை மூடினால் குரல் நிற்க வேண்டும், பாட்டு மனத்துக்குள் ஓட வேண்டும். கையைத் திறந்தால் எல்லாரும் அதே இடத்தில், அதே சுருதியில் வந்து சேர வேண்டும். முதல் நாள் ஆளுக்கொரு இடத்தில் வந்து சேர்வார்கள். மூன்று மாதத்தில் எட்டு அடி வரை தாங்குவார்கள். பின்னால் இசை எழுத்தைப் பார்த்தவுடன் ஒலியைக் கேட்கும் திறன் இதிலிருந்துதான் வளர்கிறது.

சுரம் எழுதுவதையும் படிப்பதையும் மூன்றாம் வகுப்புக்கு முன் தொடங்க வேண்டாம். பிள்ளை பேசக் கற்ற பிறகே எழுதக் கற்கிறது. இசையிலும் வாய்க்கும் காதுக்கும் பழகிய துணுக்கை மட்டுமே எழுத்தில் காட்டுங்கள். முதலில் மேடும் பள்ளமுமாகக் கோடு, பிறகு சுர எழுத்துகள் அல்லது மேற்கத்திய ஐந்துகோட்டு முறை, இரண்டில் ஒன்று. இரண்டையும் ஒருசேரக் கொண்டுவந்தால் ஒன்றும் நிலைக்காது. ஐந்தாம் வகுப்பு முடிவில் இதுவரை பார்த்திராத எட்டு அடித் துணுக்கொன்றைப் பார்த்துப் பாடினால் போதும்.

கீபோர்டு சொன்ன நண்பரிடம் அவர் சொன்னது தவறென்று சொல்லாதீர்கள். காலம் மட்டும் தவறு. விசையை அழுத்தினால் சரியான சுரம் வந்துவிடுவதால், காது உழைக்காமலே விரல் வேலையை முடித்துவிடுகிறது. நான்காம் வகுப்பில் ஒரு கருவியைச் சேர்க்க விரும்பினால் ரெக்கார்டர் குழலை நான் பரிந்துரைப்பேன்: முன்புறம் ஏழு துளைகளும் பின்புறம் கட்டைவிரல் துளையொன்றும் கொண்ட அதில், பி, ஏ, ஜி என்ற மூன்று சுரங்களுக்கு இடக்கை மட்டுமே போதும், வேகமாக ஊதினால் சுருதி ஏறிக் கீச்சிடும் என்பதால் பிள்ளை தன் மூச்சைக் கேட்டே ஆக வேண்டும். (முதல் இரண்டு வாரங்களுக்கு உங்கள் காதுக்கு நான் பொறுப்பல்ல.)

இசை கேட்பதற்கு ஒரு பாடவேளையில் ஐந்து நிமிடம் போதும். ஒன்றரை நிமிடத்துக்கு மேற்படாத ஒரு பகுதியை மூன்று முறை ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை கருவிகள், எங்கே நின்றது, முதலில் வந்தது எப்போது திரும்பி வந்தது. எட்டு, ஒன்பது வயது வரை பிள்ளைகள் பழக்கமில்லாத இசையை முகம் சுளிக்காமல் கேட்பார்கள். அதற்குப் பிறகு ‘இது என்ன பாட்டு’ என்ற கேலி தொடங்கிவிடும். ஆகவே தாலாட்டு, உழைப்புப் பாட்டு, தனிப் பறையொலி, பெரிய வாத்தியக் குழு, தொலைதேசத்து இசை எல்லாவற்றையும் அந்த வயதுக்குள் காதில் போட்டுவிடுங்கள். இசைமேதைகளின் பெயர்கள் அப்போது பேச்சோடு பேச்சாக வந்தால் போதும். எழுத்துத் தேர்வு வேண்டியதில்லை. பருவத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையும் தனியாகப் பாடும் எட்டு அடியைச் செல்பேசியில் பதிவுசெய்து வையுங்கள். முதல் வகுப்புப் பதிவையும் ஐந்தாம் வகுப்புப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்கும் பெற்றோருக்கு மதிப்பெண் பட்டியல் தேவைப்படாது. ஆண்டு விழாப் பாட்டுகளும் இந்தப் பயிற்சிகளிலிருந்தே வரட்டும். விழாவுக்காக வகுப்பை இரண்டு மாதம் நிறுத்திவைக்கும் வழக்கத்துக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

தலைமையாசிரியரின் கேள்விக்கு வருகிறேன். இசை அறிவைக் கூட்டும் என்ற பேச்சு பரவியதில் 1993-இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வந்த ஒரு சிறு ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் பங்கேற்றவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். அவர்கள் இசை கற்கவில்லை, பத்து நிமிடம் மோட்சார்ட் கேட்டார்கள். இடவுணர்வு சார்ந்த ஒரு சோதனையில் கண்ட முன்னேற்றமும் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கவில்லை. பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் வேறு. 2004-இல் உளவியலாளர் கிளென் ஷெலன்பெர்க் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரிடம் நடத்திய ஆய்வில் இசை வகுப்புக்குச் சென்றவர்களின் நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) மற்றவர்களைவிடச் சற்றே கூடியது. ஆனால் 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2020-இல் வெளிவந்த பகுப்பாய்வு, கண்டிப்பான முறையில் நடத்தப்பட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் படிப்பிலோ நுண்ணறிவிலோ பயன் ஏதும் தென்படவில்லை என்று முடித்தது. ஆகவே கணக்கு மதிப்பெண்ணைப் பெற்றோரிடம் வாக்குறுதியாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மதிப்பெண்ணைக் காட்டிக் கொண்டுவந்த பாடவேளையை, மதிப்பெண் கூடவில்லை என்று காட்டி ஒருநாள் கணக்கு ஆசிரியரே கேட்டு வாங்கிக்கொள்வார்.

இனி அந்தப் பையன். என் பணியின் முதல் ஆண்டில் நானே இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் விழா மேடையில் வாயை மட்டும் அசைக்கச் சொன்னேன். அவள் கீழ்ப்படிந்தாள். அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும், யாரும் சொல்லாமலே வகுப்பில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். பாடுவது பழக்கத்தால் வளர்ந்து, விட்டால் தேய்ந்துபோகும் திறன். மழலையர் பள்ளிப் பிள்ளைகள், ஆறாம் வகுப்பு மாணவர்கள், கல்லூரி மாணவர்கள் ஆகியோரின் சுருதித் துல்லியத்தை ஒப்பிட்ட 2015-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், ஆறாம் வகுப்புவரை கூடிய துல்லியம் கல்லூரி வயதில் வெகுவாகக் குறைந்திருந்தது. சுர வேறுபாட்டையே காது உணராத பிறவிக் குறைபாடு உண்டுதான், ஆனால் அது நூற்றில் ஓரிருவருக்குத்தான் இருக்கும். உங்கள் மாணவன் அடிக்குரலில் பாடுகிறான் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், அவன் பேச்சுக் குரலை விட்டு மேலே ஏறும் வழியை இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவனைத் தனியாக அழைத்து, ஆம்புலன்ஸ் சைரன்போலக் கத்திக் காட்டச் சொல்லுங்கள், பாடச் சொல்லாதீர்கள். குரல் வழுக்கிக்கொண்டு மேலே போகும். அவனுக்கே வியப்பாக இருக்கும். அடுத்து, அவன் வழக்கமாக நிற்கும் அந்த ஒற்றைச் சுரத்தை நீங்கள் அவனோடு சேர்ந்து பாடுங்கள். இரண்டு குரலும் ஒன்றாகும்போது எழும் அந்த இசைவை அவன் அனேகமாக முதன்முறை கேட்கிறான். அது பிடிபட்ட பிறகு, ஒரு சுரம் மேலே நீங்கள் நகர, அவன் பின்னால் வரட்டும். தினம் இரண்டு நிமிடம், யாரும் பார்க்காத நேரத்தில். வகுப்பில் பாடும்போது, சுத்தமாகப் பாடும் ஒரு பிள்ளையின் வலப்பக்கமோ இடப்பக்கமோ அவனை நிறுத்துங்கள், பின்வரிசையில் வேண்டாம். சிரிக்கும் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்வதைவிட, எல்லாரையும் சைரன் கத்தச் சொல்வது நல்ல பலன் தரும். அதில் அவன் மற்றவர்களைவிட உயரம் போகவும்கூடும். அந்தச் சைரன் எந்தச் சுரத்தில் உச்சத்தைத் தொடுகிறது என்று கீபோர்டில் பார்த்துக் குறித்துவைத்துக்கொண்டு, அவனுக்கான அடுத்த பாட்டை அதற்குச் சற்றுக் கீழிருந்து, இறங்குமுகமாகத் தொடங்குங்கள்.